பிள்ளைகள் விளையாடும் சண்டை கேம்களுக்குச் சென்சார் உண்டா?

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துப்பாக்கிச் சண்டை கேமில் உட்கார்ந்துவிடுகிறான். “செத்தான்”, “கொன்னுட்டேன்” என்ற சத்தம்தான் வீடு முழுக்க. சினிமாவுக்கு ‘ஏ’ சர்டிபிகேட் கொடுக்கிறார்களே, இதையெல்லாம் யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்களா? அரசாங்கம் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால் என்ன? கணவர் விசைப்படகில் போகிறவர், வீட்டில் கண்டிக்க ஆளில்லை என்கிறார்.

அக்கா, நான் மண்டபத்துக்காரன். கேம் தயாரிக்கும் கம்பெனிகளில் சோதனையாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன். ஒரு கேம் வெளியே வருவதற்கு முன் அதற்கு வயது எண் வாங்குகிற வேலையும் என் மேசைக்கு வந்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இந்தியாவில் கேமுக்கென்று சென்சார் போர்டு கிடையாது. திரைப்படத் தணிக்கை வாரியம் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி படங்களை மட்டுமே பார்க்கிறது. 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ‘யுஏ’ என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஓடிடி தளங்கள் தாங்களாகவே வயதுப் பிரிவு போட வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. கேம் இந்த இரண்டிலும் அடங்கவில்லை. படக்கதைகளில் வரும் கொலை, கொடூரம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று 1956லேயே இந்தியா ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அன்றைக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேய்க்கதை காமிக்ஸைப் பற்றி எழுந்த பயம்தான் இங்கேயும் வந்தது. அச்சடித்த படக்கதைக்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் மகன் கையில் இருக்கும் படக்கதைக்கு இல்லை.

ஆனால் பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஏதாவது ஓர் எண் இருக்கிறதே, அதை யார் கொடுத்தார்கள்? ஐஏஆர்சி என்ற சர்வதேசக் கூட்டணி. பல நாட்டுத் தரச்சான்று அமைப்புகள் சேர்ந்து 2013இல் தொடங்கியது. கூகுள் 2015இல் அதைத் தன் கடைக்குள் கொண்டுவந்தது. சொந்தமாகத் தரச்சான்று அமைப்பு வைத்திருக்கும் நாடுகளுக்கு அந்தந்த நாட்டு முத்திரை வரும். அப்படி எதுவும் இல்லாத இந்தியா போன்ற நாடுகளுக்கு ஒரு பொது எண் வரும்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேமை உருவாக்கியவர்களே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்கள். வன்முறை உண்டா? அடிபடுவது மனிதனா, கற்பனை உருவமா? ரத்தம் தெரிகிறதா? நிஜம்போல் இருக்கிறதா, பொம்மைபோல் இருக்கிறதா? கெட்ட வார்த்தை, போதைப்பொருள், சூதாட்டம் உண்டா? விளையாடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியுமா? இப்படி வரிசையாகக் கேட்கும். பதிலைக் கொடுத்து முடித்தவுடன் ஒவ்வொரு நாட்டுக்குமான எண் தானாக வந்துவிடும். யாரும் அந்த நேரத்தில் கேமை விளையாடிப் பார்ப்பதில்லை. பிற்பாடு சிலவற்றை எடுத்து ஆய்வு செய்வார்கள், புகார் வந்தால் திருத்துவார்கள். நாளொன்றுக்கு வந்து குவிகிற செயலிகளின் அளவுக்கு வேறு வழியும் இல்லை. ஆகவே அந்த எண்ணை அரசு முத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். உற்பத்தியாளர் தன் சரக்கைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்த வாக்குமூலத்திலிருந்து ஒரு கணக்கு எடுத்த விடை அது. பெரும்பாலும் நேர்மையாகத்தான் நிரப்புகிறோம், ஏனென்றால் பொய் தெரிந்தால் கேமைக் கடையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இருந்தாலும் அதன் எல்லை அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1992இல் ‘மார்ட்டல் காம்பேட்’ என்ற சண்டை கேம் அமெரிக்காவில் வந்தது. தோற்றவனின் தலையைத் தண்டுவடத்தோடு பிய்த்து எடுக்கிற அளவுக்குக் கொடூரம். மறு வருடம் அது வீட்டு கேம் பெட்டிகளுக்கும் வந்ததும் பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். 1993 டிசம்பரில் ஜோ லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரண்டு செனட்டர்கள் கம்பெனிக்காரர்களை வரவழைத்து விசாரணை நடத்தினார்கள். நீங்களே ஒழுங்கு செய்துகொள்ளாவிட்டால் நாங்கள் சட்டம் போடுவோம் என்ற மிரட்டல்தான் அதன் சாரம். 1994இல் கம்பெனிகள் சேர்ந்து இஎஸ்ஆர்பி என்ற அமைப்பை உண்டாக்கின. ஐரோப்பாவில் 2003இல் பெகி வந்தது. ஜெர்மனியில் யுஎஸ்கே, ஜப்பானில் செரோ என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்று. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

அந்த விசாரணை நடந்த சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அதே கேமை நின்டெண்டோ கம்பெனி தன் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது ரத்தத்தை எடுத்துவிட்டு, சாம்பல் நிற வியர்வை தெறிப்பதுபோல் மாற்றியது. சேகா கம்பெனியோ ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் ரத்தம் வரும்படி வைத்தது. பையன்கள் அந்த வரிசையை மனப்பாடம் செய்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். விற்பனையில் சேகாவே முந்தியது. அடுத்த வருடம் இரண்டாம் பாகம் வந்தபோது நின்டெண்டோவும் ரத்தத்தை அப்படியே விட்டுவிட்டது.

உலகம் முழுக்கக் கேமைத் தணிக்கை செய்த கதை பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கிறது. ஜெர்மனிக்குப் போன ‘ஹாஃப் லைஃப்’ கேமில் மனித வீரர்களை ரோபோக்களாக மாற்றினார்கள். சுட்டால் ரத்தத்துக்குப் பதில் எண்ணெயும் இரும்புத் துண்டும். 1997இல் ‘கார்மகெடான்’ என்ற கார் கேம், ரோட்டில் நடக்கிறவர்களை ஏற்றிக் கொன்றால் புள்ளி தருகிற கேம், பிரிட்டனில் சான்றிதழ் கிடைக்காமல் நின்றது. நடக்கிறவர்களைப் பச்சை ரத்தம் ஓடும் நடைபிணங்களாக்கி வெளியிட்டார்கள். பிறகு மேல்முறையீட்டில் ஜெயித்து மனிதர்களையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சீனாவில் பப்ஜி மொபைலை 2019இல் நிறுத்திவிட்டு அதே கம்பெனி வேறு பெயரில் ஒரு கேமைக் கொடுத்தது. அதில் குண்டடி பட்டவன் சாக மாட்டான். மண்டியிட்டுத் தன் பொருளையெல்லாம் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, கையசைத்து மறைந்துவிடுவான்.

இத்தனையிலும் மாறியது கண்ணில் படும் மேல்பூச்சுதான். குறிபார்ப்பது, சுடுவது, கடைசி ஆளாக நிற்பது என்ற ஆட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. உங்கள் மகன் ஆடுகிற கேமில் ரத்தத்தின் நிறத்தை மாற்றிவிட்டால் உங்கள் கவலை தீருமா? தீராது. அதனால்தான் வெட்டுகிற தணிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்கூட்டியே சொல்கிற தரச்சான்றின் மேல் நம்பிக்கை இருக்கிறது. ‘இதில் இன்னது இருக்கிறது, இந்த வயதுக்கு முன் வேண்டாம்’ என்று பெற்றோருக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிட்டு, அதைக் கேட்கச் செய்யவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

கேட்கச் செய்வது என்றேன். தரச்சான்றின் பலம் எண்ணில் இல்லை, கல்லாவில் நிற்கிற ஆளிடம் இருந்தது. அமெரிக்காவில் அந்த எண்ணுக்குச் சட்ட பலம் கிடையாது. கலிஃபோர்னியா மாகாணம் வன்முறை கேமைச் சிறுவருக்கு விற்கக் கூடாது என்று 2005இல் சட்டம் போட்டது. அதை 2011இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் செல்லாது என்றது. கேமும் புத்தகம்போல், சினிமாபோல் ஒரு வெளிப்பாடு, கிரிம் சகோதரர்களின் குழந்தைக் கதைகளிலும் கொடூரம் இல்லையா என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா கேட்டார். இருந்தும் அங்கே பெரிய கடைகள் தாங்களாகவே அடையாள அட்டை கேட்டன. அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பு சிறுவர்களையே அனுப்பிச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், 17 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்திய கேமை வாங்க முடிந்தவர்கள் 13 சதவீதம்தான். பிரிட்டனில் 2012 முதல், வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விற்றால் கடைக்காரர் குற்றவாளி.

நம் பக்கம் அந்தக் கல்லாவே இருந்ததில்லை. ராமநாதபுரத்தில் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு எங்களை ‘வைஸ் சிட்டி’ ஆட விட்டார்கள். வழிப்போக்கரை அடித்துக் காசு பறிப்பது, போலீஸைச் சுடுவது எல்லாம் அதில் உண்டு. பிரிட்டனில் அதற்கு 18 என்ற முத்திரை. பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது, சென்டர்காரருக்கும் தெரிந்திருக்காது. காப்பி செய்த சிடியில் உறை ஏது, முத்திரை ஏது? இப்போது போனில் அந்தச் சென்டர்காரரும் இல்லை. பிள்ளைக்கும் கடைக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஆள் நீங்கள்தான், அக்கா. உங்களிடம் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தடை போட்டால் என்ன என்று கேட்டீர்கள். போட்டுப் பார்த்தார்கள். 2019இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டு, ஆடிய இளைஞர்களைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு; நாட்டின் இறையாண்மை, தகவல் பாதுகாப்பு. பிள்ளைகள் மனம் கெடுகிறது என்பதற்காகப் போட்ட தடை இல்லை அது. நம் ஊர்ப் பையன்கள் கொரியன் வெர்ஷன் என்று ஏபிகே கோப்பை, அதாவது கடைக்குப் போகாமலே கேமை நிறுவுகிற கோப்பை, வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தபோது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பட்டியலில் இல்லை. பையன்கள் அதே ஐடியோடு அதற்கு மாறிவிட்டார்கள். 2022 ஜூலையில் பிஜிஎம்ஐயும் கடையிலிருந்து போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது.

இந்தப் போக்குவரத்தில் ஒரு கெடுதல் நடந்தது. கடையில் இருக்கும்வரை ஒரு கேமுக்கு வயது எண்ணாவது இருக்கும், பெற்றோர் பூட்டுப் போட வழி இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேவுக்கு எண்ணும் இல்லை, பூட்டும் இல்லை. உள்ளே வேறு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதும் தெரியாது. தடை பிள்ளையை விளையாட்டிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை. நீங்கள் பார்க்கக்கூடிய இடத்திலிருந்து பார்க்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோனது.

தமிழ்நாட்டு அரசு 2022இல் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன்கீழ் வந்த 2025 விதிகளில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை, நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆட முடியாது என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் அது ரம்மிபோல் காசு கட்டி ஆடுகிறவற்றுக்கு. அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கும் காசு ஆட்டத்தை ஒழிப்பதே மையம். துப்பாக்கிச் சண்டைக்கு வயது சொல்கிற சட்டம் இன்னும் வரவில்லை.

பிஜிஎம்ஐ 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று வைத்தது, நாளுக்கு 3 மணிநேரம் என்று வரம்பும் போட்டது. சம்மதம் எப்படி? பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி வரும். வீட்டுக்காரர் கடலுக்குப் போன பிறகு பெரும்பாலும் வீட்டில் போன் ஒன்றுதான். அது மகன் கையில் இருக்கிறது. ஓடிபி யாருக்கு வரும்? தென் கொரியாவிலும் இதே கதை. 16 வயதுக்குட்பட்டவர் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு அரசே அதைக் கைவிட்டது. சீனாவில் மட்டும் 2021 செப்டம்பர் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை என்று வைத்திருக்கிறார்கள். அங்கேயே பெரியவர் பெயரில் கணக்கு வாங்கி ஆடுகிற பிள்ளைகள் உண்டு.

சரி, இந்தச் சண்டை கேம் ஆடினால் பிள்ளை முரடனாகிவிடுவானா? உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். இதில் ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆடி முடித்த சற்று நேரத்துக்கு எரிச்சல், கடுகடுப்பு கூடுகிறது என்று ஒரு சாரார் காட்டினார்கள். 2019இல் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரையும் அவர்களைப் பெற்றவர்களையும் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. கேமில் எவ்வளவு வன்முறை என்பதைப் பிள்ளைகள் சொன்னதை வைத்து முடிவுசெய்யாமல் தரச்சான்று எண்ணை வைத்தே அளந்தார்கள். பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல், நிஜ வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லச் சான்று போதாது என்று எழுதியது. ‘கேம் விளையாடியதால் கொன்றான்’ என்று தலைப்பு வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்.

அதற்காக வயது எண் வீண் என்று ஆகாது. ஏழெட்டு வயதுப் பிள்ளை 18 போட்ட பேய் கேமைப் பார்த்துவிட்டு ராத்திரி அலறி எழுந்திருப்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் வன்முறையைத் தன் காயத்தை வைத்துத்தான் அளக்கிறது. ஜெர்மனியில் நாஜிச் சின்னம் எந்தக் கேமிலும் வரக் கூடாது என்று 2018வரை வைத்திருந்தார்கள், வேறு பல நாடுகளில் அது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. நம் கரையை யோசித்துப் பாருங்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளரும் பிள்ளைகளின் தாத்தா பாட்டி ஷெல்லடிக்குப் பயந்து கடலைத் தாண்டி வந்தவர்கள். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். துப்பாக்கிப் படகு எதிரே வருகிற காட்சி இன்னொரு ஊர்ப் பிள்ளைக்கு வெறும் ஆட்டம். இங்கே சில பிள்ளைகளுக்கு அது வீட்டில் பேசிக்கொள்கிற விஷயம். எங்கோ ஒரு கேள்வித்தாளிலிருந்து வந்த பொது எண்ணுக்கு இது தெரியவே தெரியாது. இந்தியாவுக்கு, முடிந்தால் மாநில அளவிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிற தரச்சான்று வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இப்போது, அந்த எண் எண்ணாத விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் மகன் வயதுக்கு ரத்தத்தைவிட அதிகம் பயப்பட வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன.

ஒன்று, பணம். துப்பாக்கிக்கு ஸ்கின் என்கிற மேல்தோற்றம், ஆளுக்கு உடுப்பு, அதை வாங்க டைமண்ட் என்கிற கேம் காசு. நேரடியாக விற்றால்கூடப் பரவாயில்லை. சக்கரத்தைச் சுழற்று, பெட்டியைத் திற, உள்ளே என்ன வரும் என்று தெரியாது. வராவிட்டால் மறுபடி காசு. இது சூதாட்டத்தின் நடை. பெல்ஜியம் 2018லேயே காசு வாங்கித் திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல் அப்படிப் பெட்டி உள்ள புதுக் கேம்களை 15 வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. நமக்கு வரும் எண்ணில் இது பெரும்பாலும் கீழே ஒரு சின்ன வரியாகத்தான் கிடக்கிறது. அதுவும் ஐடி எண்ணைச் சொன்னால் வேறொருவர் போனிலிருந்தே டைமண்ட் ஏற்றிவிடலாம். உங்கள் வங்கிக் கணக்கில் எதுவும் குறையாது, பையன் மூத்த பையன் ஒருவனுக்குக் கடன்பட்டிருப்பான்.

இரண்டு, மைக்கில் பேசுகிற முகம் தெரியாத ஆட்கள். கேமுக்குள் 12 வயதுப் பையனும் 30 வயது ஆளும் ஒரே அணியில் இருக்கலாம். கெட்ட வார்த்தை போகட்டும், டைமண்ட் தருகிறேன் என்று சொல்லி ஓடிபி கேட்பது, போட்டோ கேட்பது, வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வது எல்லாம் இந்த வழியில்தான். நமக்கு வரும் எண் இதை அளப்பதில்லை, ‘பயனர்கள் பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும்.

மூன்று, தூக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேம் பழக்கக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிப்போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவையெல்லாம் சாதாரணமாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். மாலையில் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டு விளையாடுகிற பையனுக்கு நோய் என்று பெயர் வைக்க வேண்டாம்.

உங்கள் போனில் என்ன செய்யலாம்? பிளே ஸ்டோரில் அந்தக் கேமைத் திறந்து, வயது எண்ணுக்குப் பக்கத்தில் தொடுங்கள். எதற்காக அந்த எண் என்று கீழே இருக்கும்: மிதமான வன்முறையா, கடும் வன்முறையா, பேச்சு வசதி உண்டா, உள்ளே காசு கேட்குமா. எண்ணைவிட அந்த வரிகள் உங்களுக்கு அதிகம் சொல்லும். பிறகு உங்கள் படத்தைத் தொட்டு அமைப்புகள், குடும்பம், பெற்றோர் கட்டுப்பாடு என்று போய் 12+ என்று வைத்து ஒரு பின் போடுங்கள். மகனுக்குத் தெரிந்த பிறந்த தேதியோ படகு நம்பரோ வேண்டாம். அது புதிதாக இறக்குவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இருக்கும் கேமை நீங்கள்தான் நீக்க வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஜிபே பின் அவனுக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வாட்ஸ்அப்பிலும் குரோமிலும் ‘தெரியாத ஆப் நிறுவ அனுமதி’ என்பதை அணைத்துவிடுங்கள், ஏபிகே வழி அதோடு அடைபடும். அவனுக்குத் தனிப் போன் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியைப் போட்டு, அவன் உண்மையான பிறந்த வருடத்தோடு கணக்குத் தொடங்குங்கள். வயதைக் கூட்டிப் போட்டுத் தொடங்கிய கணக்கில் எந்தப் பூட்டும் ஒழுங்காக வேலை செய்யாது.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் போன் வருகிற வீடுகளுக்கு ஒரு குறிப்பு. கடையில் காட்டும் எண் கணக்கு எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. வாப்பா அங்கே தொடங்கிய கணக்கிலேயே பிள்ளை விளையாடினால், இங்கே பார்க்கிற எண்ணும் அங்கே பார்க்கிற எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே சேமித்து வைத்த கார்டு அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். யாராவது மிரட்டினால், போட்டோ கேட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. மகனைத் திட்டிவிட்டு அழைக்க வேண்டாம். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான்.

அரசிடம் கேட்பதாக இருந்தால் தடையைக் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2013 வரை கேமுக்கு 18 என்ற பிரிவே கிடையாது. விளைவு இரண்டு வகையிலும் கெட்டது. சில கேம்களை வயது வந்தவர்களும் ஆட முடியாமல் தடுத்தார்கள், பெரியவர்களுக்கான வேறு சில கேம்கள் 15 என்ற முத்திரையோடு பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. பெரியவர்களுக்கு என்று ஒரு தெளிவான பெட்டி இருந்தால்தான் சிறுவர்களுக்கான பெட்டி சுத்தமாக இருக்கும். நமக்கு வேண்டியது சட்ட பலமுள்ள வயதுப் பிரிவு, தமிழில் எழுதிய காரணம், அதிர்ஷ்டப் பெட்டிக்கும் முகம் தெரியாதவரோடு பேசுவதற்கும் தனியாக எண், ஓடிபியைவிட நல்ல சம்மத முறை. பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக் கணினி ஆசிரியர் ஒருவர் ஒரு மணிநேரம் ஒதுக்கினால் ஊரில் பாதி அம்மாக்களின் போனில் பூட்டுப் போட்டுவிடலாம்.

உங்கள் மகன் எந்தக் கேம் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பாருங்கள். யாரோடு ஆடுகிறான், மைக் ஆன் ஆகியிருக்கிறதா, தோற்றதும் எதற்குக் காசு கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். பொம்மைபோல் இருக்கிற சண்டையாக இருந்து, வகுப்புப் பையன்களோடு மட்டும் ஆடினால், நேரத்தை மட்டும் வரையறுத்து விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். 16, 18 போட்டதாக இருந்தால் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று அவனிடமே அந்த வரிகளை வாசித்துக் காட்டுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக்காரர் கரையில்தான் இருப்பார். பள்ளி விடுமுறையும் அதில்தான் வருகிறது, வருடத்தில் பிள்ளைகள் மிக அதிகம் ஆடுவதும் அப்போதுதான். அவர் போனிலும் இதே பூட்டைப் போட்டுவிடுங்கள். அம்மா போன் பூட்டியிருந்தால் பையன் அப்பா போனுக்குத்தான் போவான்.